சத்தமில்லாத பச்சை விளக்கு

“அக்கா, உன் ஸ்கூட்டரை நான் எடுத்துக்கட்டுமா?”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? ஓட்டத்தான். நீதான் பஸ்ல போயிட்டு வர்றியே. அது சும்மாதானே நிக்குது.”

“சும்மா நின்னா உனக்கா? பொறந்ததிலேருந்து கேட்டுக்கிட்டேதான்டா இருக்க. என் பொம்மை, என் கட்டில், என் ஜன்னலோர சீட்டு, என் காலேஜ் பை. இன்னும் என்ன பாக்கி? அடுத்தது என் உடம்புல எதையாவது அறுத்துக் குடுன்னு கேப்பியா?”

“கேட்டா குடுப்பியா?”

“போடா. குடுத்துக் குடுத்தே தேஞ்சு போயிட்டேன்.”

“சரி சரி, கத்தாத. இனிமே உன்கிட்ட எதுவும் கேக்கல. போதுமா?”

அன்று எனக்கு மனசு சரியில்லை. நான் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள். மூன்று வாரம் காத்திருந்து வந்த ஒரு ஜோடி லென்ஸை ஃபிரேமுக்கு அளவாகத் தேய்க்கும்போது ஓரம் தெறித்துவிட்டது. முதலாளி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். அந்தப் பார்வையை வீடு வரை சுமந்து வந்து தம்பியின் தலையில் இறக்கினேன். அவன் சிரித்துக்கொண்டே சாவியை ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாளே நான் போன் செய்து, “வந்து எடுத்துட்டுப் போடா வண்டியை” என்றேன். “வேணாம்க்கா, வேற ஏற்பாடு பண்ணிட்டேன்” என்றான். சாவி இன்னும் ஃபிரிட்ஜின் மேல்தான் இருக்கிறது. துடைக்கும்போது நகர்த்திவிட்டு, துடைத்ததும் அதே இடத்தில் வைப்பேன்.

இது நடந்து இரண்டரை வருடம். சொன்ன சொல்லை அவன் இப்படிக் காப்பாற்றுவான் என்று நான் நினைக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தால் குடிக்கத் தண்ணீரைக்கூட அவனே போய் எடுத்துக்கொண்டான்.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷூவின் பின்பக்கத்தை மிதித்துச் செருப்பு மாதிரி போட்டுக்கொண்டு வந்தான். கால் உள்ளே நுழையாத அளவுக்கு வீக்கம்.

“என்னடா இது?”

“கிட்னி கொஞ்சம் மக்கர் பண்ணுதாம். மாத்திரை குடுத்திருக்காங்க. லிஃப்ட் மாதிரிதான்க்கா. நடுவுல நின்னுடும், ரீசெட் பண்ணா ஓடும்.”

அவன் லிஃப்ட் மெக்கானிக். எதைப் பற்றிக் கேட்டாலும் லிஃப்டை வைத்துத்தான் பதில் சொல்வான். கல்யாணப் பேச்சை எடுத்தால், “நாலு பேர் ஏறுற லிஃப்ட்ல ஒருத்தன் மட்டும் நிக்கிற சுகம் உனக்குத் தெரியாதுக்கா” என்பான். ஊரின் மறுகோடியில், மலைச்சரிவுக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனுக்கு ரத்த உறவு என்று சொல்ல நான் ஒருத்திதான்.

ஒவ்வொன்றாக விட்டான். முதலில் உப்பை விட்டான். பிறகு பழங்களை. பிறகு என் போனை எடுப்பதை விட்டான். கேட்டால், “சார்ஜ் இல்லக்கா”, “சைலன்ட்ல இருந்துச்சுக்கா.” ஆனால் இடுப்பில் ஒரு கைரேடியோ மட்டும் எப்போதும் இருக்கும். பத்து வருடமாக அவன் அமெச்சூர் ரேடியோக்காரன், பொழுதுபோக்குக்காக லைசென்ஸ் வாங்கிக் காற்றில் பேசுபவன். ஒருநாள் அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது போன் மூன்று முறை அடித்து ஓய்ந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரேடியோவில் யாரோ அவன் கால்சைனை, லைசென்ஸோடு கொடுக்கும் அழைப்புப் பெயரை, சொன்னார்கள். கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு ஓடினான்.

அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ரேடியோ லைசென்ஸ் பரீட்சைக்கு மூன்று மாதம் படித்தேன். லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் அலைநீளம், மின்தடை என்று கேள்வித்தாள் விரிந்திருக்கும். என் வீட்டுக்காரர் குழாய் வேலை செய்பவர். அவருக்கு இது வேடிக்கை.

“தம்பிகூடப் பேசறதுக்கு கவர்மென்ட் பரீட்சை எழுதுற அக்காவை இப்பத்தான்மா பாக்குறேன். பேசாம பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வரலாம்ல?”

“போனா கதவைத் திறந்து சிரிக்கிறான். எனக்கு அந்தச் சிரிப்பு வேணாங்க. நான் வர்றது தெரியாதப்ப அவன் எப்படி இருக்கான்னு பாக்கணும்.”

பரீட்சையில் தேறினேன். எனக்கென்று ஒரு கால்சைன் வந்தது. அவன் வைத்திருப்பது போலவே ஒரு சின்ன டிஜிட்டல் ரேடியோவை வாங்கினேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் எல்லாவற்றையும் அவனே செய்து கொடுத்துவிடுவான். செய்யும்போதே எது எனக்குக் கேட்க வேண்டும், எது கேட்கக் கூடாது என்றும் அவனே முடிவு செய்துவிடுவான் என்று தோன்றியது.

வாங்கிய பிறகுதான் தெரிந்தது, இது பெட்டியைத் திறந்து பட்டனை அமுக்கிப் பேசுகிற சங்கதி இல்லை. முதலில் பதிவேட்டில் நமக்கென்று ஏழு இலக்க எண் ஒன்று வாங்க வேண்டும். நாம் பேசும் ஒவ்வொரு தடவையும் அந்த எண் நம் குரலோடு சேர்ந்து போகும். கேட்பவரின் திரையில் நம் பெயர் வரும். அப்புறம் கோட்பிளக் என்று ஒரு ஃபைல். எந்த அலைவரிசை, எந்தக் குழு, யாருடைய பேச்சுக்கு ஸ்பீக்கர் திறக்கலாம் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் எழுதி ரேடியோவுக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றாத வரை அது ஒரு கறுப்புச் செங்கல்.

மூன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். ஊர்க் குழு, வட்டாரக் குழு, உலகக் குழு என்று மூன்றை மட்டும் போட்டேன். ஏற்றிவிட்டு இரண்டு நாள் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பதிலும் இல்லை.

“நீ பேசறதெல்லாம் எங்கேதான்மா போகுது?” என்றார் வீட்டுக்காரர். “எங்கேயாவது ஒரு பைப்பு உடைஞ்சிருக்கும் பாரு.”

உடைப்பைக் கண்டுபிடித்தவர் பல் டாக்டர். பல் பார்க்கும்போது போட்டுக்கொள்ளும் பூதக்கண்ணாடிக்கு லென்ஸ் மாற்ற எங்கள் கடைக்கு வருபவர். காலை ஏழு மணிக்கு ரேடியோக்காரர்கள் கூடிப் பேசும் கூட்டத்தை நடத்துபவரும் அவர்தான். என் ஃபைலைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“கலர் கோட் ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க மேடம். நம்ம மலை மேல இருக்கற ரிப்பீட்டருக்கு ஏழு. சாவி மாறிப் போச்சுன்னா எவ்வளவு தட்டினாலும் அது திறக்காது. சொத்தை ஒரு பல்லுல, நீங்க பிடுங்கினது வேற பல்லு.”

ரிப்பீட்டர் என்பது மலை உச்சியில் நிற்கும் பெட்டி. நம் கைரேடியோவின் மெல்லிய குரலை வாங்கி, ஊர் முழுவதற்கும் கேட்கும்படி திரும்பச் சொல்லும். எண்ணைத் திருத்திய பிறகு டாக்டர், “முதல்ல கிளிகிட்டப் பேசிப் பாருங்க” என்றார்.

கிளி என்பது ஒரு சோதனை எண். அதைக் கூப்பிட்டு நாம் எதைப் பேசினாலும், இரண்டு விநாடி கழித்து நம் குரலிலேயே அப்படியே திருப்பிச் சொல்லும். நம்முடைய பேச்சு சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி.

வீட்டு ஜன்னலருகே நின்று பட்டனை அமுக்கினேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. “ஹலோ, தம்பி, கேக்குதா?” என்றேன். விட்டேன்.

பச்சை விளக்கு எரிந்தது. “ஹலோ, தம்பி, கேக்குதா?” என்றது என் குரல், தகரத்தில் வார்த்த மாதிரி.

யாரும் இல்லாத வீட்டில் நான் கூப்பிட்டு, நானே பதிலுக்குக் கூப்பிட்டது போல இருந்தது. ரேடியோவை மேஜையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் என் கால்சைனைச் சொல்லி, வந்திருக்கிறேன் என்றேன். டாக்டர் வரவேற்றார். பிறகு திரையில் தம்பியின் பெயர்.

“இது... அக்கா? ஏய், நெஜமாவா? எங்க வீட்டு அக்காவா?”

“உங்க வீட்டு அக்காதான். போன் எடுக்காத பயலைத் தேடி வந்திருக்கேன். ஓவர்.”

ஏழெட்டுப் பேர் அன்று வரிசையாக வந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நல்ல தெளிவான குரல், திடமான குரல். “எப்படிடா இருக்க?” என்றேன். “சூப்பரா இருக்கேன்க்கா” என்றான். கேட்ட எனக்கும் தெம்பாக இருந்தது. கடைக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் குரலை நினைத்துக்கொண்டே போனேன்.

இந்த டிஜிட்டல் குரலில் மூச்சு கேட்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. டாக்டர்தான் பிற்பாடு ஒருநாள் கடையில் சொன்னார். “சுத்தி இருக்கற இரைச்சலை எல்லாம் இது வழிச்சு எறிஞ்சுடும் மேடம். பழைய ரேடியோன்னா ஆள் தள்ளிப் போகப் போக கரகரன்னு ஆகும். தூரமாப் போறான்னு நமக்குத் தெரியும். இதுல அப்படி இல்ல. கடைசி வரைக்கும் பக்கத்துல நின்னு பேசற மாதிரியே இருக்கும். அப்புறம் சட்டுன்னு ஒண்ணும் இருக்காது.”

அவர் ரேடியோவைப் பற்றித்தான் சொன்னார். நான் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்துவிட்டேன்.

பச்சை விளக்கை நான் முதலில் கவனித்தது காலைக் கூட்டத்தில் சேர்ந்த அந்த வாரத்தில்தான். சாயங்காலம் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். வீட்டுக்கு வந்து பையை வைத்திருந்தேன். மேஜையில் இருந்த ரேடியோவில் பச்சை விளக்கு எரிந்தது. யாரோ பேசுகிறார்கள் என்று அர்த்தம். ஆனால் சத்தம் இல்லை. திரையில் பெயரும் இல்லை. சத்தத்தைக் கூட்டினேன், இல்லை. காதில் வைத்துப் பார்த்தேன், இல்லை. விளக்கு மட்டும் நின்று எரிந்து அணைந்தது. இரண்டு விநாடி. மறுபடி எரிந்தது. அணைந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும்.

லென்ஸ் தேய்ப்பவளுக்கு விநாடி எண்ணுவது பழக்கம். நான்காம் நாள் எண்ணினேன். முதல் தடவை ஐம்பத்திரண்டு விநாடி. இரண்டாவது தடவையும் ஐம்பத்திரண்டு. லென்ஸ் வரும் உறையின் பின்புறத்தில் எழுதி வைத்தேன். இரண்டு பேர் பேசிக்கொண்டால் இப்படி வருமா? ஒருத்தர் கேட்டதற்கு இன்னொருத்தர் அதே அளவில், ஒரு விநாடி கூடாமல் குறையாமல், தினமும் பதில் சொல்வார்களா?

அடுத்த நாள் நாற்பத்தேழு, நாற்பத்தேழு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரோ கிளியிடம் பேசுகிறார்கள்.

மூன்று வாரம் பார்த்துவிட்டு டாக்டரிடம் கேட்டேன்.

“கிளி கூப்பிட்டவங்களுக்கு மட்டும்தான் பதில் சொல்லும் மேடம். மத்தவங்களுக்கு விளக்கு மட்டும் எரியும், ஸ்பீக்கர் திறக்காது. நானும் பாத்திருக்கேன் அந்த விளக்கை. எவனோ புது ரேடியோ வாங்கிட்டு டெஸ்ட் பண்றான்.”

“தினமும் அதே நேரத்துலயா டாக்டர்? மூணு வாரமாவா?”

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. மானிட்டர்னு ஒரு செட்டிங் இருக்கு, அதைப் போட்டா எல்லாமே கேக்கும். காத்துல வர்றதை யார் வேணாலும் கேக்கலாம், தப்பில்ல.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நான் போடல. ஏனோ போடத் தோணல” என்றார்.

எனக்கும் தோன்றவில்லை. தோன்றவில்லை என்று சொல்வது பொய். கை போனது, பயமாக இருந்தது.

ஏனென்றால் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. நாற்பத்தேழு, முப்பத்தொன்பது, முப்பது. உறையின் பின்புறத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக அவை இறங்கின. நீளமாக எதையோ சொன்னவர், நாளுக்கு நாள் சுருக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து சிரித்தான். முகம் ஊதியிருந்தது, கண்ணைச் சுற்றி வெளுத்திருந்தது. ரேடியோவில் காலையில் கேட்ட குரலுக்கும் இந்த ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. நாலு வார்த்தை பேசுவதற்குள் ஒரு தடவை மூச்சு வாங்கினான்.

“என்னக்கா அப்படிப் பாக்குற? குண்டாயிட்டேன்னுதானே? லோடு ஜாஸ்தி, அவ்வளவுதான்.”

“கிட்னி டாக்டர் என்ன சொன்னார்?”

“அதே மாத்திரைதான். வேற ஒண்ணும் வேணாம்னுட்டார்.”

டீ போட எழுந்தவனை உட்கார வைக்க, இடது கையின் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்த விரல்களுக்கடியில் ஏதோ ரீங்கரித்தது. தீப்பெட்டிக்குள் வண்டை அடைத்துக் கையில் வைத்திருப்பது போல, தோலுக்கடியில் விடாமல் ஓர் அதிர்வு. அவன் சட்டென்று கையை உருவிக்கொண்டான். சட்டைக் கையை இழுத்துவிட்டான். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். சின்னதாக, புதிதாக ஒரு தழும்பு.

“என்னடா அது?”

“லிஃப்ட் கதவு இடிச்சிடுச்சு.”

“லிஃப்ட் கதவு இடிச்சா கை ரீங்காரம் போடுமா?”

“எங்க கம்பெனி லிஃப்ட் போடும்” என்றான். நான் சிரிக்கவில்லை. அவனும்.

திரும்பி வரும் பஸ்ஸில் போனில் தேடிப் பார்த்தேன். டயாலிசிஸ் ஆரம்பிப்பதற்கு முன்னால் கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்து வைப்பார்கள். தொட்டால் அதிரும் என்று போட்டிருந்தது. ஆறி முதிரச் சில வாரங்கள் ஆகுமாம். அந்த வாரங்களெல்லாம் அவன் காலைக் கூட்டத்தில் ‘சூப்பரா இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். பக்கத்தைக் கீழே தள்ளினேன். மாற்றுச் சிறுநீரகம், ரத்த உறவு, ஒரே ரத்தப் பிரிவு. எங்கள் இருவருக்கும் ஒரே பிரிவு. பள்ளிக்கூட அடையாள அட்டையிலேயே அப்படித்தான் போட்டிருந்தது. அட்டை மாறிப்போய் அவன் என்னுடையதை மாட்டிக்கொண்டு போன நாள்கூட ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் குழாய்ச் சாவியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஏம்மா, அவன் கேட்டா என்ன சொல்லுவ?”

“அவன் எங்கே கேட்டான்?”

“கேட்டா?”

நான் பாத்திரத்தைக் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன். ஊசி போடும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்பவள் நான். அவன் கேட்காத வரை நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த எண்ணம் எனக்குள் ஒரு மூலையில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நானாகவே போய், ‘என்னுடையதை எடுத்துக்கொள்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன், சொல்லவில்லை. அவன் சிரித்தான், நான் உப்பில்லாமல் சமைத்து வைத்துவிட்டு வந்தேன்.

விளக்கு இருபத்திரண்டு விநாடிக்கு வந்தது. பதினைந்து. ஒன்பது. வீட்டுக்காரரும் இப்போது ஆறு மணிக்குள் வந்துவிடுவார். இருவரும் மேஜைக்கு இரண்டு பக்கமும் நின்று, அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்ப்போம். அது எரியும், அணையும், எரியும், அணையும்.

“போட்டுப் பாத்துடேன் அந்த செட்டிங்கை” என்றார் ஒருநாள்.

“யாரோ என்னவோ. நமக்கெதுக்குங்க?”

“யாருன்னு உனக்குத் தெரியாதா?”

ஆறுக்குப் பத்து நிமிடம் என்பது லிஃப்ட் கம்பெனியில் வேலை முடிந்து இருபது நிமிடம். உயரமான கட்டடத்தின் மொட்டைமாடி இயந்திர அறையிலிருந்து பேசினால் மலை நேராகத் தெரியும். எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கையில் அந்த ரீங்காரத்தைத் தொட்ட நாளிலிருந்து நான் விநாடிகளை எழுதவில்லை. மனசிலேயே எண்ணிக்கொண்டேன்.

ஆறு விநாடி. நான்கு.

மறுநாள் விளக்கு எரியவில்லை.

ஆறு மணி ஆயிற்று, ஆறரை ஆயிற்று. மேஜையை விட்டு நகரவில்லை. ரேடியோவின் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். அவன் போன் அணைந்திருந்தது. வீட்டுக்காரர் வேனை எடுத்துக்கொண்டு மலைச்சரிவுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் காலையில் ஆட்டோவில் போனான் என்றார்களாம். கையில் ஒரு பை இருந்ததாம். எந்த ஆஸ்பத்திரி என்று யாருக்கும் தெரியவில்லை.

காலைக் கூட்டத்தில் டாக்டர் அவன் கால்சைனை மூன்று முறை கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் நிறுத்திக் காத்திருந்தார். “பதில் இல்லை” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். பதில் இல்லை என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்வதுதான். இத்தனை நாள் அது என் காதில் விழுந்ததில்லை.

அன்று கடையில் இரண்டு லென்ஸை உடைத்தேன். முதலாளி வந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க வீட்டுக்குப் போங்கம்மா” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்து, ஓரத்துப் பட்டனுக்கு மானிட்டர் செட்டிங்கைக் கொடுத்து ரேடியோவில் ஏற்றினேன். பட்டனை அமுக்கினேன். திரையில் சின்னதாக ஒரு குறி வந்தது. இனி மலை வழியாக எது வந்தாலும் கேட்கும். மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். ஐந்தரை. ஐந்தே முக்கால். வீட்டுக்காரர் வந்து கதவோரம் நின்றார், கையிலிருந்த பையைக்கூட இறக்கவில்லை.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம்.

பச்சை விளக்கு எரிந்தது. திரையில் தம்பியின் பெயர்.

“அக்கா...”

அதே தெளிவான, மூச்சில்லாத குரல். பட்டனை விடாமல் பிடித்திருக்கிறான்; விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

“அக்கா, உன்கிட்ட ஒண்ணு...”

அணைந்தது. இரண்டு விநாடி. மறுபடி எரிந்தது.

“அக்கா...” என்றது கிளி, அவன் குரலில். ஒன்று, இரண்டு, மூன்று. “அக்கா, உன்கிட்ட ஒண்ணு...”

ஐம்பத்திரண்டு விநாடியில் அவன் முதலில் என்னவெல்லாம் சொல்லியிருப்பான்? அந்த ஸ்கூட்டரிலிருந்து ஆரம்பித்திருப்பானோ? மன்னிப்புக் கேட்டிருப்பானோ? ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, கடைசியில் என்னைக் கூப்பிடுவது மட்டும் மிஞ்சியிருந்தது. தனியாகப் பேசிப் பார்க்க வீட்டில் கண்ணாடி இல்லையா அவனுக்கு? ஊர் முழுக்க விளக்கெரியும் என்று தெரியாதவனா அவன்?

பட்டியலில் அவன் எண்ணை எடுத்தேன். அவனை மட்டும் கூப்பிடும்படி வைத்துப் பட்டனை அமுக்கினேன். சிவப்பு விளக்கு வந்தது.

“டேய். நான்தான்டா. எங்கே இருக்க?”

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு பச்சை.

“...ஆஸ்பத்திரியில. அஞ்சாவது மாடி. இங்கேருந்தும் மலை தெரியுதுக்கா.” நிறுத்தினான். “எத்தனை நாளா கேக்குற?”

“இன்னிக்குத்தான் கேக்குறேன். விளக்கை மட்டும் ஒரு மாசத்துக்கு மேல பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“நேத்து காலையில மூச்சு விட முடியல. இன்னிக்கு முதல் டயாலிசிஸ் பண்ணிட்டாங்க. ஒண்ணும் இல்லக்கா, நல்லாத்தான்...”

“நல்லா இருக்கேன்னு சொன்ன, அங்கேயே வந்து அறைவேன்.”

விளக்கு எரிந்தது. அவன் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு டிஜிட்டலில் சரியாக வராது. அணைந்தது.

நான் பட்டனை அமுக்கினேன். “அன்னிக்குச் சாவியை ஃபிரிட்ஜ் மேல வச்சிட்டுப் போனப்ப நான் என்ன சொன்னேன்னு எனக்கு மறக்கலடா. உனக்கும் மறந்திருக்காது. கிளிகிட்ட எத்தனை நாள் சொன்னாலும் அது நீ சொன்னதையேதான் திருப்பிச் சொல்லும். பதில் சொல்லாது. அதுக்கு நான்தான் வேணும். எனக்குப் பயமா இருக்கு, பொய் சொல்லல. ஆனா நீ கேக்கணும். வாயைத் திறந்து என்கிட்ட கேளுடா.”

விட்டேன். சிவப்பு அணைந்தது.

வீட்டுக்காரர் பையைத் தரையில் இறக்கினார். இரும்பு இரும்போடு மோதிய சத்தம் கேட்டது. திரை கறுத்தது. நான் எண்ண ஆரம்பித்தேன். இருபது வரை எண்ணி விட்டுவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே மலையின் மேல் கம்பத்துச் சிவப்பு விளக்குகள் ஏற்றப்பட்டுவிட்டன.

பச்சை எரிந்தது. அவன் பேசவில்லை. பட்டனைப் பிடித்துக்கொண்டு இருந்தான். என் கையில் அந்த வண்டு ரீங்கரிப்பது போல இருந்தது.

“அக்கா,” என்றான். “உன் கிட்னியில ஒண்ணை எனக்குக் குடுக்குறியா?”